ஒண்டுக்கும் மூண்டுக்கும் நடுவில்

வேன் ஒடுக்கமான ஒழுங்கை வழியே வாசலில் வந்து நின்றபோது காலை ஏழு மணி கூட ஆகவில்லை. ஓட்டி வந்தவர் காத்தான்குடி முத்தலிப். இந்தக் குடும்பத்துக்கு அவர் புதிது. சோற்றுப் பானை, பாய், தண்ணீர்க் கான் என்று வாசலில் கிடந்ததையெல்லாம் தானே தூக்கிப் பின்சீட்டில் ஏற்றினார்.

"நீங்க ஏறுங்க தங்கச்சி. இதெல்லாம் நான் பாத்துக்கிறன்."

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனை வருடமோ! சுலோஜனாவுக்குக் கண்ணில் நீர் வரப் பார்த்தது. அவ்வளவு களைப்பு அவளுக்கு. நேற்று இன்றைய களைப்பா அது? மூத்தவள் விதுர்ஷா பிறந்த நாள் தொடக்கம் சேர்த்து வைத்த களைப்பு.

பிள்ளை வளர்ப்பது என்று எல்லாரும் லேசாகச் சொல்லி விடுகிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் பள்ளிக்கூடத்துக்குச் சீப்பால் தலை இழுத்து விடுவதுமா வளர்ப்பு? சண்டைக் காலத்தில் ஏறாவூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வருவதென்றாலே நாலு இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். ஆமிக்காரன் பையைக் கிளறுவான், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அதற்குள் சனம் இடிபட்டு அந்தப் பக்கம் போய் ஏறும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, சேலையைப் பிடித்தபடி ஒன்று. அப்படி ஒருநாள் நடுவில் உள்ளவன் யதுர்ஷன் யாரோ ஒருத்தியின் சேலைத் தலைப்பைத் தாயின் சேலை என்று பிடித்துக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறி விட்டான். ஐந்து நிமிடத்தில் ஆள் கிடைத்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் சுலோஜனாவுக்குப் பத்து வயது கூடிப் போனது.

அன்று இரவே அவள் புருஷன் ஜெயரூபன் ஒரு வழி கண்டுபிடித்தான். பிள்ளைகளுக்கு எண் கொடுத்தான். விதுர்ஷா ஒண்டு. யதுர்ஷன் ரெண்டு. கைக்குழந்தை சானுஜா மூண்டு. வாகனம் எடுக்கும் முன் அம்மா "எண்!" என்பாள், பிள்ளைகள் வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். சின்னவளுக்கு வாய் வந்ததும் முதலில் சொன்ன சொற்களில் ஒன்று அந்த "மூண்டு" தான்.

பிறகு சுனாமி வந்தது. யதுர்ஷன் போனான். ஏழு வயது. உடல் கூடக் கிடைக்கவில்லை.

அவன் போன பிறகும் அந்த எண்களை யாரும் மாற்றவில்லை. எப்படி மாற்றுவது? சின்னவளை "ரெண்டு" என்று கூப்பிட யாருக்கு மனம் வரும்? பயணம் கிளம்பும்போதெல்லாம் ஒண்டு வரும், பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமில்லாமல் இருக்கும், பிறகு மூண்டு வரும். அந்த ஒரு மூச்சு நேரம் நாலு பேரும் காத்திருப்பார்கள். அது அந்த வீட்டுப் பழக்கமாகி விட்டது.

இன்றும் அப்படித்தான்.

"எண்!" என்றாள் சுலோஜனா.

"ஒண்டு."

காத்திருந்தார்கள். வேனுக்குள் எங்கிருந்தோ சேற்று மணம் வந்தது. சுனாமி வற்றிப்போன நாளில் அவர்களின் ஊர் கல்லடி முழுக்க அடித்த அதே கறுத்த சேற்றின் மணம்.

"மூண்டு," என்றாள் சானுஜா. ஏனோ சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இந்தப் பயணமே சானுஜாவுக்காகத்தான். அவளுக்கும் இப்போது ஏழு வயது. இன்றுவரை கடலில் கால் வைத்தவள் இல்லை. தலையில் தண்ணீர் ஊற்றினால் கூட வீறிட்டுக் கத்துவாள். குளிக்க வார்ப்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு சண்டை. சத்தத்துக்குப் பயம், இருட்டுக்குப் பயம், தண்ணீருக்குப் பயம். தாயின் பயமெல்லாம் பாலோடு போய்விட்டதாக்கும் என்று சுலோஜனா தன்னையே நொந்துகொள்வாள். வைகாசியில் சண்டை முடிந்தது. ஆவணி விடுமுறை வந்ததும் அவளே சொன்னாள்: "பாசிக்குடாவுக்குப் போவம். அங்க கடல் ஆழமில்ல. இவளயாவது பயமில்லாம வளக்கணும்."

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நாலரை வருடம் எடுத்திருந்தது.

செங்கலடி தாண்டி ஒரு சோதனைச் சாவடி. சண்டை முடிந்தாலும் சாவடி முடியவில்லை. ஆமிக்காரன் கண்ணாடியில் தட்டி, எத்தனை பேர் என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

"ஆறு பேர்," என்றார் முத்தலிப்.

ஐந்து. அவரோடு சேர்த்து ஐந்து பேர் தான். சுலோஜனாவுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சாவடியில் சொன்ன கணக்கைத் திருத்தக் கூடாது. இந்தப் பக்கத்தில் பிள்ளை வளர்த்த ஒவ்வொரு தாயும் படித்த பாடம் அது. திருத்தினால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் எல்லாரையும் இறக்குவான், பானையைக் கூடக் கிண்டிப் பார்ப்பான். பிழையோ சரியோ வாயை மூடிக்கொண்டிரு, அவனே எண்ணிப் பார்த்துச் சிரித்து விட்டு விடுவான். ஜெயரூபனும் வாயைத் திறக்கவில்லை.

ஆமிக்காரன் தலையை உள்ளே விட்டு ஒவ்வொருவராகப் பார்த்தான். கடைசியாகப் பின்சீட்டைப் பார்த்தான். உதடு அசைய எண்ணினான்.

"ஹரி. ஆறு," என்று சிங்களத்தில் சரி சொல்லிப் போகும்படி கையைக் காட்டினான்.

வேன் கிளம்பியது. சுலோஜனாவின் கழுத்து விறைத்துப் போனது. பின்னால் பானையும் பாயும் தானே இருக்கின்றன? திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். திரும்பவில்லை.

பின்சீட்டில் ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்டது.

தண்ணீர்க் கான் ஒழுகுதாக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாழைச்சேனை கடந்து பாசிக்குடா போய் இறங்கியதும் முதல் வேலையாகக் கானைத்தான் தூக்கிப் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. அடி காய்ந்து கிடந்தது. ஆனால் சீட் ஊறிப் போயிருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

"என்னகா பாக்காய்?" என்று ஜெயரூபன் கேட்டான்.

"ஒண்டுமில்ல."

என்னத்தைச் சொல்வது? பிள்ளைகள் ஏற்கனவே கடலைப் பார்த்து ஓடிவிட்டார்கள். சானுஜாவா அது? ஆம், சானுஜா தான்! முழங்கால் தண்ணீரில் நின்று கையால் அடித்து விளையாடுகிறாள். பாசிக்குடாக் கடலும் கடல் மாதிரி இல்லை. அலையில்லை, இரைச்சலில்லை, குளம் போலப் படுத்துக் கிடந்தது. சண்டையில் உடைந்த ஹோட்டல் சுவர்களுக்கு முன்னால் தெற்கிலிருந்து வந்த சனமும் ஊர்ச் சனமும் கலந்து குளித்தன. சுலோஜனா மரநிழலில் பாயை விரித்து உட்கார்ந்தாள். சீட்டில் இருந்த உப்பை மறக்கப் பார்த்தாள். பிள்ளையின் சிரிப்பைக் கேட்கக் கேட்க மறந்தும் விட்டாள்.

உச்சி வெயில் ஏறியது. "சோத்துப் பானைய எடுத்திட்டு வாறன். புள்ளைகளப் பாத்துக்க," என்று ஜெயரூபன் வேன் நின்ற பக்கம் போனான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண் தான் கேட்கவில்லை. எத்தனை இரவு அந்தக் கண் மூடாமல் கிடந்தது! உட்கார்ந்தபடியே சாய்ந்தாள்.

எவ்வளவு நேரமோ. திடுக்கிட்டு விழித்தாள். கண்ணைத் திறக்க முன்னமே வாய் பழக்கத்தில் கூப்பிட்டது.

"எண்!"

"ஒண்டு!" கரையோரம், சிப்பி பொறுக்கும் விதுர்ஷா.

"ரெண்டு!"

"மூண்டு!"

அப்பாடா. மூன்று பேரும் இருக்கிறார்கள். சுலோஜனா திரும்பவும் பாயில் சாய்ந்தாள். கண்ணை மூடினாள்.

பிறகுதான் உறைத்தது.

அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர் தான்.

எழும்பி நின்றாள். கரையில் விதுர்ஷா, கையில் சிப்பியோடு விறைத்து நின்றாள். முகத்தில் இரத்தமில்லை. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

மற்ற இரண்டு குரலும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

தூரத்திலிருந்து.

குளிக்கிற சனத்தையெல்லாம் தாண்டி, தண்ணீரின் நிறம் மாறுகிற இடத்துக்குக் கிட்ட, சானுஜா நடந்து போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்துவிட்டது. வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள்.

யாரோ பிடித்துக் கூட்டிப் போவது போல.

அந்தக் கைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"சானூ! நில்லுகா! ஐயோ, புள்ள, நில்லு!"

அவள் கடலுக்குள் ஓடினாள். இனிக் கடலில் கால் வைக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் ஓடினாள். சேலை காலைச் சுற்றியது. விழுந்து எழும்பினாள். வெயிலில் கொதித்த தண்ணீர் போகப் போகக் குளிர்ந்தது. சேற்று மணம் மூக்கை அடைத்தது. பாசிக்குடாவில் சேறு ஏது? வெறும் வெள்ளை மணல் தானே?

சானுஜாவின் கழுத்துக்குத் தண்ணீர் வந்தபோது அவளைப் பிடித்தாள். இடுப்பைக் கட்டி இழுத்தாள்.

பிள்ளை வரவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள். முரட்டுப் பிடியில்லை. விளையாட்டுச் சண்டையில் பொம்மையை விடாத பிள்ளையின் பிடி.

"அம்மா, அண்ணா சொல்றான், கையப் புடிச்சா பயமில்லயாம்," என்றாள் சானுஜா. அவள் பல் குளிரில் அடித்தது. ஆனால் சிரித்தாள். "அவன் அங்க தனியாத்தான் நிக்கானாம்."

சுலோஜனாவுக்கு அலறல் வரவில்லை. நாலரை வருடம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியது தான் வந்தது.

"மனே," என்றாள், யாரும் இல்லாத அந்தத் தண்ணீரைப் பார்த்து. "விடுடா. அவளை விடு. உன்ட சத்தம் அண்டைக்கு அம்மாவுக்குக் கேட்டது. ஓடி ஓடி நான் எண் கேட்டன், நீ பின்னுக்கிருந்து ரெண்டு எண்டு சொன்னாய். வாறாய் எண்டு நினைச்சன்டா. இடுப்பில இவள், கையில அக்கா. நான் திரும்பிப் பாக்கல்ல. கல்லடிப் பாலத்தடிக்குப் போய்த்தான் பாத்தன். பிழை என்ட தான் மனே. இவள் என்ன செஞ்சாள்?"

தண்ணீர் அசையவில்லை. தூரத்தில் குளித்த சனத்தின் சத்தம் கூட நின்று போனது போலிருந்தது.

பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக.

சானுஜாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். பின்னால் இடுப்பளவு தண்ணீரில் விதுர்ஷா அழுதுகொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நானும் கேட்டன் அம்மா, அண்டைக்கு," என்றாள். "அவன் சொன்னது எனக்கும் கேட்டது. நானும் திரும்பல்ல."

பத்து வயதில் கேட்டதைப் பதினைந்து வயது வரை சுமந்திருக்கிறாள்! இவ்வளவு காலமும் பக்கத்தில் படுத்தவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுலோஜனாவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து விடலாம் போலிருந்தது. மற்றக் கையால் அவளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள்.

சோற்றை யாரும் தொடவில்லை. ஜெயரூபனுக்கு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சானுஜாவின் வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். நாலு விரலும் ஒரு பெருவிரலும் பதிந்த சிவப்புத் தழும்பு. சிறிய விரல்கள். சானுஜாவின் விரலை வைத்துப் பார்த்தால் அளவு சரியாக இருந்தது. அவன் தழும்பை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டான்.

"நாம தான் அவனுக்கு இடம் விட்டு வெச்சிருக்கம் அப்பா," என்றாள் விதுர்ஷா மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுப் போட்டுக் காத்துக்கொண்டு இருக்கம். கூப்பிட்டா வரத்தானே செய்வான்?"

ஜெயரூபன் எழும்பிப் பாயைச் சுருட்டினான்.

நாலு மணிக்கு வேனில் ஏறினார்கள். பின்சீட்டில் முத்தலிப் ஒரு குளியல் துவாயை விரித்து வைத்திருந்தார். ஏன் என்று சுலோஜனா கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் தன்னோடு ஒட்ட வைத்துக்கொண்டாள். சானுஜாவின் தலை நனைந்திருந்தது. துடைத்து விட்டபோது அவள் கத்தவில்லை. தண்ணீர்ப் பயம் போய்விட்டது. அது தான் சுலோஜனாவுக்கு எல்லாவற்றையும் விடப் பயமூட்டியது.

"எடுப்பமா தங்கச்சி?" என்றார் முத்தலிப். "காலையில ஏதோ எண் சொன்னாங்களே புள்ளயள்?"

சுலோஜனா மூச்சை இழுத்துக்கொண்டாள். உள்ள பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும். அதற்காக இல்லாத பிள்ளையின் இடத்தைத் தன் கையாலேயே மூட வேண்டும். எந்தத் தாய்க்கு இப்படி ஒரு வேலை வரும்?

"சானு," என்றாள். "இண்டையில இருந்து நீ தான் ரெண்டு. விளங்குதா? காத்துக்கொண்டு இருக்கத் தேவையில்ல. அக்கா சொன்ன உடனே சொல்லணும்."

"ஓம் அம்மா."

"எண்!"

"ஒண்டு."

"ரெண்டு," என்றாள் சானுஜா உடனே.

முடிந்தது. இடைவெளி இல்லை. ஜெயரூபன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விதுர்ஷா தாயின் தோளில் சாய்ந்தாள். முத்தலிப் வேனை ஸ்டார்ட் செய்தார்.

பின்சீட்டில் துவாய் சரசரத்தது.

"மூண்டு," என்றது ஒரு குரல். பணிவான குரல். அம்மா இடத்தை மாற்றச் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாறி உட்காருகிற பிள்ளையின் குரல்.

"ஆ, மூணு புள்ளயளும் சரி," என்று முத்தலிப் கியரைப் போட்டார்.

இல்லை என்று அவருக்குச் சொல்ல அந்த வேனில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.