எட்டு மணிக்குக் கண்ணீர் அஞ்சலி

தியாகராசனின் செல்போன் அலறியது.

வாயில் பாதி மெதுவடை. ஒரு கையில் டீ கிளாஸ். மறு கையின் சுண்டுவிரலால் பச்சைப் பொத்தானைத் தேய்த்தார்.

"மதுரமா... சொல்லு."

மறுமுனையில் விசும்பல் மட்டும் கேட்டது.

"என்னாச்சு? எதுக்கு அழுவுற?"

"என்னங்க... நீங்க உயிரோடதான இருக்கீங்க?"

தாலி கட்டிய மனைவி காலங்காத்தாலே கேட்கிற கேள்வியா இது?

"டீக்கடைல உக்காந்து வடை தின்னுக்கிட்டிருக்கேன். செத்தவன் வடையா திம்பான்?"

"கடத்தெரு முக்குல உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்களாம். எதுத்த வீட்டு அக்கா வந்து என்னக் கட்டிப்புடிச்சு அழுதுட்டுப் போறாங்க. உங்க தம்பி பச்சை மூங்கிலுக்கு ஆள் அனுப்பிட்டாரு."

வடை தொண்டையில் நின்றது.

"மூங்கில வேணாம்னு சொல்லு. நான் போய்ப் பாக்குறேன்."

தியாகராசன் பூவாளங்குடி பேரூராட்சியின் ஏழாவது வார்டு கவுன்சிலர். ஐம்பத்தைந்து வயது, கொஞ்சம் நிலம், நிறையத் தொப்பை. அன்றைக்கு அவருக்கு ஏற்கெனவே எரிச்சல். தினமும் விடிந்ததும் தன் வயல் மோட்டார் கொட்டகைத் தொட்டியில்தான் குளிப்பார். இன்று தொட்டிக்குள் இறங்கி, இரும்புக் குழாயைப் பிடித்து ஆட்டி, தட்டிப் பார்த்தும் ஒரு சொட்டு வரவில்லை. மும்முனை கரண்ட் இல்லை. வரும்போது தானாக ஓடட்டும் என்று மோட்டாரை ஆட்டோ ஸ்விட்சில் போட்டுவிட்டுக் குளிக்காமலே கிளம்பிவிட்டார்.

குளிக்காத உடம்போடு தன் சாவைப் பார்க்கப் போனார்.

கடைத்தெரு முக்கில் கூட்டம். அவரைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பூக்காரி 'ஐயோ' என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்தது.

பூவாளங்குடியில் ஒருவர் கண்ணை மூடினால், சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்குள் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். முதலில் கட்டுகிறவருக்குக் கடைத்தெரு முக்கு. அடுத்து வருகிறவருக்குப் பொதுக் கழிப்பறைச் சுவர். இறந்தவரின் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கும். அஞ்சலி செலுத்துகிறவர் வெள்ளைச் சட்டையில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பார். எழுதாத சட்டம் அது.

மூலையில் தியாகராசன் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஆளுயரத்துக்கு நின்றவர்... பரிதி.

மூன்றாவது வார்டு கவுன்சிலர். மனை வியாபாரி. தியாகராசனை வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர்.

"அன்பு அண்ணனின் திடீர் மறைவால் துடிதுடிக்கும்..." என்று ஆரம்பித்த வாசகத்தைத் தியாகராசன் முழுதாகப் படிக்கவில்லை. போன் போட்டார்.

மணி அடித்தது. எடுக்கப்பட்டது. மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது.

"பரிதி... நான் தியாகராசன் பேசறேன்."

"யாரு?"

"நீ துடிதுடிச்சிக்கிட்டிருக்கியே, அந்தத் தியாகராசன்."



"அண்ணே... நீங்களா? எங்கண்ணே இருக்கீங்க?"

"ஃப்ளெக்ஸுக்குக் கீழ நிக்கிறேன்."

"அடக் கடவுளே. அது பேராவூரணி தியாகராசன்ணே. தேங்கா மண்டி வச்சிருந்தாரு. ராத்திரி தவறிட்டாரு. கடக்காரன் பேரப் பாத்துட்டு உங்க படத்தப் போட்டுட்டான் போல. மன்னிச்சிக்கங்கண்ணே."

தியாகராசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்ப்பா."

"நீங்க நூறு வருஷம் இருப்பீங்க." பரிதியின் குரல் கொஞ்சம் தணிந்தது. "ஆமா... இன்னும் குளிக்கலியாண்ணே?"

"எங்க குளிக்கிறது? மோட்டார்ல கரண்ட் இல்ல."

"கரண்ட் இல்லியா?"

"சுத்தமா இல்ல. பொழுதுக்கும் வராது போல."

"அப்படியா... சரிண்ணே. நான் பாத்துக்கறேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

நல்ல பையன், நாம் குளித்தோமா என்றுகூட விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் தியாகராசன். ஐம்பத்தைந்து வயதிலும் அவருக்கு அந்த அளவுக்குத்தான் உலகம் தெரிந்திருந்தது.

நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம் என்று உத்தேசம். கடைக்காரர் சித்தீக் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். திரும்பியவர் ஷட்டரை விட்டுவிட்டார். அது தடாலென்று கீழே விழுந்தது.

"அண்ணே... நீங்க..."

"சாகல. படத்த மாத்திப் போட்டுட்டு முழிக்கிறியா?"

"நான் எங்கண்ணே மாத்தினேன்? பரிதியண்ணன் அனுப்பின படம்தான் அது. போன பொங்கலுக்கு உங்க வீட்டு வாசல்ல எடுத்தது. உங்க தோள்மேல அவரு கை தெரியும், அதை வெட்டிட்டுப் போடச் சொன்னாரு."

"பேராவூரணி தியாகராசன்னு சொன்னானே?"

"அது யாரு?"

சித்தீக் தன் போனை எடுத்தார். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை ஓடவிட்டார். பரிதியின் குரல் கணீரென்று வந்தது.

'தம்பி, ஏழாவது வார்டு அண்ணன் ரொம்ப சீரியஸ். விடியறது கஷ்டம். காலைல எட்டு மணிக்குள்ள கடத்தெரு முக்குல கட்டிடணும். போன தடவ மாதிரி என்னைக் கழிப்பறைச் சுவத்துக்கு அனுப்பிடாத.'

"இது எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம்ணே."

நேற்றுச் சாயங்காலம் தியாகராசன் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். சீரியஸாக எதுவும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எட்டு மணிக்குள் நான் பிணமாகியிருக்க வேண்டும்!

அவர் முட்டாள்தான். ஆனால் காரணம் தெரியாத அளவுக்கு முட்டாள் இல்லை. அன்றைக்குப் பதினோரு மணிக்குப் பேரூராட்சிக் கூட்டம். பொருள் ஒன்றே ஒன்று. அல்லிக்குளத்தைத் தூர்த்து வணிக வளாகம் கட்டுவது. குளத்துக்குப் பின்னால் பரிதி மனை போட்டிருந்தார். குளம் போனால்தான் மனைக்கு ரோடு. தியாகராசன் ஓட்டுப் போட்டால் இரண்டு பக்கமும் சரிசமமாகும். சரிசமமானால் தலைவரின் ஓட்டு முடிவு செய்யும். தலைவர் ரசியா பேகம் குளத்தின் பக்கம். தியாகராசன் இல்லாவிட்டால் பரிதியின் பக்கம் ஜெயிக்கும்.

இத்தனை நாள் இரண்டு பக்கமும் விருந்து சாப்பிட்டுக்கொண்டு பிடிகொடுக்காமல் இருந்தவர், நேற்றுப் பந்தியில்தான் வாய்விட்டார். குளத்தை விடமாட்டேன், ஊர் நலன்தான் முக்கியம் என்றார். அந்தக் குளத்துத் தண்ணீர் கடைசியாகப் பாய்வது அவர் வயலில்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?" சித்தீக் பாட்டிலை நீட்டினார்.

"வேணாம்." தியாகராசன் பாட்டிலையே முறைத்தார். "நீ மொதல்ல குடி."

*

"டீயில விஷமா? வடையிலயா?"

இன்ஸ்பெக்டர் மலர்க்கொடி மேசைமேல் சாய்ந்துகொண்டு கேட்டார். தகவல் தெரிந்து தலைவர் ரசியா பேகமும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். துப்பட்டாவால் தலையை மூடியபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல மேடம். வயித்த என்னமோ பண்ணுது."

"எத்தனை வடை சாப்பிட்டீங்க?"

"நாலு."

"அப்ப பண்ணத்தான் செய்யும். காலையிலேர்ந்து எங்கெங்க போனீங்க?"

"கொட்டகைக்குப் போனேன். கரண்ட் இல்ல. குளிக்காம டீக்கடைக்கு வந்தேன். அப்புறம் ஃப்ளெக்ஸ். பரிதிக்குப் போன் பண்ணேன். குளிச்சீங்களான்னு கேட்டான்."

ரசியா பேகம் சட்டென்று திரும்பினார்.

"என்ன கேட்டாரு?"

"இன்னும் குளிக்கலியான்னு."

"தியாகராசண்ணே... செத்துட்டாருன்னு நெனச்ச மனுஷன் போன்ல பேசறாரு. அவருகிட்ட ஏன் குளிச்சீங்களான்னு கேக்கணும்?"

மலர்க்கொடி மேசையிலிருந்து நிமிர்ந்தார்.

"மேடம்," என்றார் ரசியா பேகம், "இவரு தெனமும் கொட்டகையிலதான் குளிப்பாரு. ஊருக்கே தெரியும். அந்தத் தொட்டியில என்னமோ வச்சிருக்காங்க."

"ஆனா நான் தொட்டியில எறங்கினேனே. குழாயக் கூடப் புடிச்சேன். ஒண்ணும் ஆகல."

"கரண்ட் இல்லாததால ஆகல."

 தியாகராசன் பக்கத்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டியது நினைவுக்கு வந்தது. செத்துப் போயிருப்பேனே என்று முதல்முறையாக நிஜமாகவே பயந்தார். மதுரத்தின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"கடவுள் காப்பாத்திட்டாரு," என்றார். "அந்த நேரம் பாத்து கரண்ட் போச்சு."

"கரண்ட் போகலண்ணே. நேரம் மாறிடுச்சு."

"என்ன நேரம்?"

"ஆறு மணி கரண்ட் இன்னையிலேர்ந்து ஒம்பது மணி கரண்ட். மின்வாரியத்துக்குக் கோரிக்கை வச்சுப் போன கூட்டத்துல தீர்மானம் போட்டோமே. நான் வாசிச்சேனே."

"அப்படி ஒரு தீர்மானமா?"

"நீங்கதான வழிமொழிஞ்சீங்க."

தியாகராசன் விழித்தார். அன்றைக்குக் கூட்டத்தில் போண்டா கொடுத்தார்கள். அது மட்டும் நன்றாக நினைவில் இருந்தது.

"முன்மொழிஞ்சது யாரு?" என்று கேட்டார் மலர்க்கொடி.

ரசியா பேகம் பெருமூச்சு விட்டார்.

"பரிதி. அவருக்கும் போண்டாதான் ஞாபகம் இருக்கும். எங்க ஊர்ல எல்லாத் தீர்மானமும் ஏகமனதா நிறைவேறும் மேடம். யாரும் காது குடுக்கறதில்ல. மேசைய மட்டும் தட்டுவாங்க."

மலர்க்கொடி எழுந்து தொப்பியை மாட்டினார்.

"பரிதிக்குக் கடைசியா என்ன சொன்னீங்க சார்?"

"கரண்ட் சுத்தமா இல்ல, பொழுதுக்கும் வராதுன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"நான் பாத்துக்கறேன்னான்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

ஒன்பதரை!

*

ஜீப் வாய்க்கால் கரையில் குதித்துக் குதித்து ஓடியது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த பச்சை. தூரத்திலேயே சத்தம் கேட்டது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டித் தொட்டி நிரம்பி வழிந்தது.

"யாரும் கிட்டப் போகாதீங்க," என்றார் மலர்க்கொடி. கான்ஸ்டபிள் சதீஷ் கம்பத்துக்கு ஓடிப் போய் ஃப்யூஸைப் பிடுங்கினார். மோட்டார் அடங்கியது.

அந்த அமைதியில் இன்னொரு சத்தம் கேட்டது.

'அண்ணன் பரிதி... வாழ்க! அண்ணன் பரிதி... வாழ்க!'

பரிதியின் ரிங்டோன்.

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். வெள்ளைச் சட்டை. வலது கையில் ஒரு ஒயரின் முனை. மறுமுனை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போயிருந்தது. பாக்கெட்டில் போன் வாழ்த்திக்கொண்டே இருந்தது.

மலர்க்கொடி குனிந்து நாடியைப் பார்த்தார். உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நேத்துக் கரண்ட் போனப்புறம் ஒயரக் குழாயில மாட்டியிருக்காரு. காலைல ஆறு மணி கரண்ட் வரும்னு கணக்கு. நீங்க தப்பிச்சீங்க. தடயத்த எடுத்துடலாம்னு வந்திருக்காரு. நீங்கதான் கரண்ட் இல்லன்னு சொல்லிட்டீங்களே, அதனால வெறுங்கையில புடிச்சிருக்காரு. ஒம்பது மணிக்குக் கரண்ட் வந்துடுச்சு."

"நான் வேணும்னு சொல்லலியே மேடம்."

"தெரியும். உங்க மேல கேஸ் இல்ல. வேணும்னா தீர்மானத்து மேல போடலாம்."

தியாகராசன் பரிதியின் முகத்தைப் பார்த்தார். பொங்கலன்று தன் வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மதுரம் வைத்த சர்க்கரைப் பொங்கலை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். வாசலில் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவன். கோபம்தான் வரவேண்டும். அழுகை வந்தது. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

"ஒரு குளத்துக்காகவா தம்பி?"

 ரசியா பேகம் பரிதியின் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, ஓயாமல் வாழ்க வாழ்க என்ற அந்தச் சத்தத்தை நிறுத்தினார்.

*

பதினோரு மணிக்குக் கூட்டம் கூடியது.

"மூன்றாவது வார்டு உறுப்பினர் மறைவுக்கு இம்மன்றம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது," என்று வாசித்தார் ரசியா பேகம். 

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

ஏகமனதாக நிறைவேறியது. பிறகுதான் என்ன தீர்மானம் என்று ஒருவர் கேட்டார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அல்லிக்குளம் வெயிலில் சும்மா கிடந்தது. பரிதி இல்லாமல் அதைத் தூர்க்கப் போதுமான ஓட்டு இனி யாரிடமும் இல்லை.

தியாகராசன் வெளியே வந்தார். கடைத்தெரு முக்கில் சித்தீக் ஏணியில் நின்றபடி ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு கவுன்சிலர்கள் பரிதிக்கான அஞ்சலியோடு இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சித்தீக்கு... என்னப்பா பண்ற?"

"கழட்டறேண்ணே. உயிரோட இருக்கறவருக்கு எதுக்கு இது?"

தியாகராசன் அண்ணாந்து பார்த்தார். ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்ற பரிதியைப் பார்த்தார். மூலையில் தபால்தலை அளவில் சிரித்த தன்னையும் பார்த்தார்.

"கழட்டாத, இருக்கட்டும். வாழ்க்கையில மொத தடவையா முந்திக்கிட்டு முக்குல எடம் புடிச்சிருக்கான்."

"அப்ப உங்க படம்ணே?"

"அந்த மூலைய மட்டும் கிழிச்சிடு. பெரிய படம் சரியாத்தான் இருக்கு."