பதில் வரி

சாராள் ஒவ்வொரு வரி முடிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், மூன்று மாதம் முன்பு குடிவந்த வாடகை வீடு. ஞாயிறு மாலை. உருக்காலைப் புகையின் இரும்பு வாசனை ஜன்னல் கம்பிகளில் ஒட்டியிருக்க, ஹைவேயில் போகும் லாரிகளின் அதிர்வில் அலமாரிப் பாத்திரங்கள் மெல்லக் கிணுகிணுக்க, ஹெலன் கூடத்துப் பாயில் உட்கார்ந்து, தானே கட்டிய தும்பிப் பாட்டை நாலு வயது மகள் சாராளோடு கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"தும்பி தும்பி, எங்க போற?" சாராள் நிறுத்தினாள். படுக்கையறைக் கதவைப் பார்த்தாள்.

"தூங்கப் போறேன்..." ஹெலன் பதில் வரியை எடுத்தாள்.

"நீ பாடாதம்மா. அது அவங்க வரி."

"யாரு வரி?"

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிகிறாரு."

ஹெலன் எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். கட்டில், மடித்த போர்வை, சுவரில் சர்ச் காலண்டர். யாருமில்லை. ஆனால் வெயில் நேராக விழுந்த அந்தத் தரை, ஈரத் துணிபோலப் பாதத்தில் சில்லிட்டது.

கூடத்து ஜன்னலோரம் வந்து, டூட்டியில் இருந்த கணவனுக்குப் போன் செய்தாள். பின்னால் சாராள் மறுபடி பாட ஆரம்பித்திருந்தாள்.

"அன்பு, பாப்பா யாரோட பாடுறா?"

மெஷின் இரைச்சல். பிறகு அன்புசெல்வனின் குரல் தாழ்ந்தது. "பாடிக்கினுதானே இருக்கா? நிறுத்த உடாத. பாடுற வரைக்கும் அது சும்மா இருக்கும்."

"எது? நம்ம ஊட்ல இன்னா இருக்குது?"

"வந்த மொத வாரமே தெரியும், ஹெலன். என்னத்தான் கேட்டுச்சி. நான்... எனக்குப் பதிலா பாப்பாவக் காட்டிட்டேன்."

பாட்டென்றாலே எழுந்து போகிற மனுஷன். தினமும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னொருவாட்டி பாடு கண்ணு" என்று கெஞ்சியதைப் பார்த்து ஹெலன் பூரித்துப் போயிருந்தாள். சமையலறையில் நின்று ஒருநாள் அழக்கூட அழுதிருக்கிறாள், சந்தோஷத்தில்.

"நீ பெத்த பொண்ணுடா அவ."

போன் கட்டானது.

பின்னால் பாட்டு நின்றிருந்தது.

திரும்பினாள்.

பாய் காலி.

சாராள் படுக்கையறை வாசலில் இருந்தாள். கால் தரையில் இல்லை. ஹெலனின் தோள் உயரத்தில், முழங்கால் மடங்கி, தலை ஒருபக்கம் சாய்ந்து, கட்டைவிரலை வாயில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகில் சட்டை ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது.

யாரோ தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.