கோடி விருந்தாளிகள்

சுண்டுவின் வயிற்றில் பூச்சி. டாக்டர் தந்த மாத்திரையை நேற்றே விழுங்கிவிட்டான். வயிறு தேறுவதற்கு உதவும் என்று கூடவே ஒரு பொடியும் கொடுத்திருந்தார்.

அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. கருவிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வார். கிருமி என்றாலே அவருக்கு ஆகாது. வீட்டில் ஒரு ஸ்பூன்கூட வெந்நீரில் குளிக்காமல் தட்டுக்கு வராது. அந்தப் பழக்கத்தில், பொங்கி வந்த பாலிலேயே பொடியைக் கொட்டிவிட்டார்.

பொடி வந்த உறையைப் படித்துக்கொண்டிருந்த அக்கா வாயாடி அலறினாள்.

"ஐயோ அம்மா! சூடா இருக்கறதுல கலக்கக் கூடாதாம். உள்ள இருக்கறதெல்லாம் செத்துடும்!"

"எது செத்துடும்?" என்றான் சுண்டு.

"நல்ல கிருமிடா. கோடிக்கணக்குல இருக்காம்."

அவ்வளவுதான். சுண்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏற்கெனவே உள்ள இருக்கறவங்க போதாதா?" என்று விரலிடுக்கு வழியாகக் கேட்டான்.

வாயாடிக்கும் தலை சுற்றியது.

"அம்மா, கிருமியைக் கொல்றதுதானே உன் வேலை? இதை மட்டும் எதுக்கு உயிரோட வெச்சிருக்கணும்?"

"எனக்கும் அதான் புரியல" என்றார் அம்மா. "பூச்சியை மாத்திரை பாத்துக்குமாம். இதுங்க வயித்துக்குத் துணையாம். கிருமியில நல்லவங்க இருக்காங்கன்னு இத்தனை நாளா யாரும் எங்கிட்ட சொல்லலையே!"

சில நாட்களாகவே சுண்டு சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இதையும் குடிக்க மாட்டேன் என்றால் எப்படித் தேறுவான்? நம் வாய்தான் காரியத்தைக் கெடுத்தது என்று வாயாடிக்கு வருத்தமாக இருந்தது.

சுண்டு பால் பாத்திரத்தை எட்டிப் பார்த்தான்.

"அதுங்க எல்லாம் செத்துப்போச்சா?"

"ம்..."

"பாவம்க்கா."

வாயாடி சட்டென்று எழுந்தாள். வேறு பாலை டம்ளரில் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"இதைக் கன்னத்துல வெச்சுப் பாரு. உனக்குச் சுட்டா அதுங்களுக்கும் சுடும். நீ சரின்னு சொன்னாதான் பொடியைப் போடுவேன்."

"சுடுது!"

காத்திருந்தார்கள். சுண்டு மறுபடி வைத்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தான். பிறகு பெரிய மனுஷன் போலத் தலையாட்டிவிட்டு, இன்னொரு உறையைத் தானே பிரித்துக் கொட்டினான்.

"அக்கா, உள்ள போனா இதுங்களைப் பூச்சி கடிக்காதா?"

"தெரியலடா. ஆனா இதுங்க கோடிப் பேராச்சே!"

சுண்டு யோசித்தான். அது நியாயமாகத்தான் பட்டது. மடக் மடக்கென்று ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

பிறகு சட்டையைத் தூக்கி, வயிற்றை நோக்கிக் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"உள்ள இருட்டா இருக்கும். பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்."