சத்தம் நின்ற நேரம்

பெயர், வயது, இறந்த நாள், புதைத்த நேரம். பதிவேட்டில் இந்த நான்கு கட்டங்கள் போக, தலைப்பே இல்லாத ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அதில் சிலருக்கு வெறும் கோடு. சிலருக்கு மட்டும் ஒரு நேரம்: 'மறுநாள் காலை ஆறு', 'மூன்றாம் நாள் உச்சிப்பொழுது'.

நகரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு வரலாறு எழுத வந்திருந்த ஆவணக் காப்பகத்துப் பெண்ணுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தகரக் கூரையில் மழை தடதடத்துக்கொண்டிருக்க, ஈரக் காகிதமும் சுண்ணாம்பும் கலந்த வாடை தொண்டைவரை இறங்க, கொள்ளைநோய் வருடத்துப் பக்கங்களைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக நேரங்கள்.

"ஐயா, இது என்ன நேரம்?"

காவலாளி டீயை ஊதிக் குடித்தார். "சத்தம் நின்ன நேரம்மா."

"எந்தச் சத்தம்?"

"அந்த வருஷம் உயிர் போச்சா இல்லையான்னுகூடப் பாக்காம மூடிட்டாங்க. கீழேருந்து தட்டுவாங்களாம். தெறக்க பயம். எப்ப நிக்குதுன்னு மட்டும் எழுதச் சொல்லி உத்தரவு."

"அது அந்தக் காலம்."

"எழுத வேணாம்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலையே."

அவள் கை தானாக இந்த வருடத்துப் பதிவேட்டை இழுத்தது. பதினோரு நாளுக்கு முன், அவள் தம்பி. தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார் டாக்டர். மழைக்கு முன்னால் அடக்கத்தை முடித்துவிடலாம் என்று எல்லோரையும் விரட்டியவள் அவள்தான்.

ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

"என் தம்பிகிட்டேருந்து சத்தமே வரலை, இல்லையாய்யா?"

"வராதவங்களுக்குக் கோடு போட்டுடுவோமேம்மா."

மேலே கோடு. கீழே கோடு. நடுவில் வெறும் கட்டம்.

குடைகூட எடுக்காமல் ஓடினாள். சேற்றில் மண்டியிட்டுக் காதை வைத்தாள். மழைதான் கேட்டது. பிறகு, டொக். நெடுநேரம் கழித்து, டொக் டொக்.

"மண்வெட்டி! சீக்கிரம் மண்வெட்டி கொண்டாங்க!"

காவலாளி குடை பிடித்து நிதானமாக நடந்து வந்தார். "கைய எடுங்கம்மா. தோண்டுற சத்தம் கேட்டா, நின்னவங்களும் மறுபடி ஆரம்பிச்சிடுவாங்க."

அவள் கேட்கவில்லை. விரல்களால் பறித்தாள். நகம் பிய்ந்தது. கீழே தட்டல் வேகமானது.

"அக்கா வந்துட்டேன்டா! வந்துட்டேன்டா!"

பக்கத்து மேட்டில் ஒரு டொக்.

முதுகுக்குப் பின்னால் இன்னொன்று.

காவலாளியின் குடை கீழே விழுந்தது. அவர் கேட்டை நோக்கி ஓடினார்.

மழை சட்டென நின்றது. வரிசை வரிசையாக, மதில்வரைக்கும், மேடுகளின் மேல் கிடந்த சரளைக்கற்கள் துள்ளிக்கொண்டிருந்தன.