பெரியவள் மாடி ஏறவில்லை

மூன்று மாதத்துக்குப் பிறகு சின்னவள் கைத்தடியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வந்ததும் வராததுமாக அடுப்படி வாசலில் நின்று ஆரம்பித்துவிட்டாள்.

"முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு மேல கிடந்தேனே... ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களாக்கா? என் மருமககிட்ட சூப்பைக் குடுத்தனுப்பினா ஆச்சா? நான் என்ன வாடகைக்கு இருக்கிறவளா?"

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்து, ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்து, அடுத்தடுத்துத் தாலி இழந்த ஓரகத்திகள். பெரியவளுக்கு எழுபத்தொன்பது வயது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை வெளியே தள்ள மூச்சு போதவில்லை. ஜன்னல் வெளிச்சம் தண்ணீர்போலப் பரவியது. சின்னவளின் குரல் எங்கோ அக்கரையிலிருந்து கேட்டது. தரை மெத்தைபோல மெல்ல எழும்பி அவளை வாங்கிக்கொண்டது.

"ஐயோ, அக்கா!"

ஆஸ்பத்திரியில் இதய டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினாள். "இதயத்துலேர்ந்து ரத்தம் வெளிய போற வால்வு இது. கல்லு மாதிரி இறுகிப்போச்சு. கதவு ஒரு சின்ன இடுக்கு அளவுதான் திறக்குது. இவங்க படி ஏறவே முடிஞ்சிருக்காதே! எத்தனை நாளா மூச்சு வாங்குது பாட்டி?"

"ஆறேழு மாசமா..."

"ஏன் சொல்லல?"

பெரியவள் சுவரைப் பார்த்தாள். "இவளுக்கு முட்டி ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. நான் படுத்தேன்னா இவ தன்னோடதைத் தள்ளிப் போட்டிருப்பா..."

சின்னவளின் கைத்தடி நழுவித் தரையில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"மாத்திரையில சரியாகாதா டாக்டர்?" என்றாள் சின்னவள்.

"மாத்திரை கதவைத் திறக்காதும்மா. நெஞ்சைத் திறந்து வால்வை மாத்தலாம். இவங்க வயசுக்கும் நுரையீரலுக்கும் அது தாங்காது. இன்னொண்ணு, தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, பழைய வால்வுக்குள்ளயே புதுசை விரிச்சு வைக்கிறது. அதுலயும் ஆபத்து இருக்கு. பக்கவாதம் வரலாம், சிலருக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். ஆனா இவங்களுக்கு இதுதான் நல்லதுன்னு எங்க குழுவுல எல்லாருமே நினைக்கிறோம்."

"வாழ்ந்தது போதும், விட்டுடுங்க..." என்றாள் பெரியவள்.

"உங்களுக்குப் போதும்! எனக்கு?" சின்னவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே பாவி... அதைத் தலையில சுமந்துக்கிட்டு நான் எப்படி இருப்பேன்? எனக்காக சரின்னு சொல்லுங்கக்கா!"

பெரியவள் கை நீட்டி அவள் கண்ணீரைத் துடைத்தாள். பிறகு டாக்டரம்மாவிடம் தலையசைத்தாள்.

ஆபரேஷன் மேசையில், மருந்தின் அரைமயக்கத்தில் பெரியவள் மிதந்தாள். பச்சை உடுப்புகள் நீருக்கடியில் அசையும் இலைகளாகத் தெரிந்தன. தொடையில் ஏதோ அழுந்தியது, வலி இல்லை. நெஞ்சு ஒரு கணம் படபடத்தது. பிறகு நெடுநாள் சாத்திக் கிடந்த அறைக்குள் காற்று நுழைவதுபோல உடம்பெங்கும் ஒரு குளிர்ச்சி... "முடிஞ்சுது பாட்டி," என்றது ஒரு குரல். அவள் ஆழமாக மூச்சை இழுத்தாள். அது தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

கண் விழித்தபோது சின்னவள் அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா... நான் அவ்வளவு பேசியும் ஒரு வார்த்தை கோவப்படலையே நீங்க!"

பெரியவள் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"கோவப்பட மூச்சு எங்கடி இருந்துச்சு? வீட்டுக்கு வா... இனிமே படறேன் பாரு!"

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.