மாற்றாள் வரும் வரை

வண்டி வளைவுக்கு முன்னால் வந்து நின்றபோது காலை எட்டு மணி. மூடுபனி இன்னும் கலையவில்லை. சாலையோர மரங்கள் இடுப்பளவுதான் தெரிந்தன. அதற்கு மேல் எல்லாம் வெள்ளை. ஈர மண்ணும் முந்தின நாள் அறுத்த கட்டையும் சேர்ந்து நாறின.

மேஸ்திரி இறங்கவில்லை. கதவைத் திறந்து கூர்முனைச் செருப்புப் போட்ட கால்களை மட்டும் வெளியே தொங்கவிட்டு, பாதுகாப்பு விதிப் புத்தகத்தை மடியில் வைத்து, அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். அந்தப் புத்தகத்தின் அட்டை முழுக்க டம்ளர் வட்டங்கள். உள்ளே ஒரு பக்கம்கூடக் கசங்கியதில்லை.

"ரோட்டுல வைக்க நாலு கோன் போதும். எல்லாத்தையும் இறக்கினா ஏத்தறதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிடும்."

பலகைக்காரி அவரைப் பார்த்தாள். ஒரு பக்கம் சிவப்பில் 'நில்', மறுபக்கம் பச்சையில் 'செல்' என்று எழுதிய பலகையைப் பிடித்து நிற்பது அவள் வேலை. மரத்தில் கயிற்றில் தொங்கிக் கிளை அறுக்கும் ரம்பக்காரன் அவள் கணவன். கிளையை இறக்கும் கயிறு சாலைக்குக் குறுக்கே போகும். அந்த நேரம் ஒரு வண்டி வந்து கயிற்றில் சிக்கினால், கிளையோடு அவனும் கீழேதான்.

"வளைவுக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கறது?"

"யாரும் வேண்டாம். இந்த ரோட்டுல நாய்கூட வராது."

"மேல எங்க வீட்டுக்காரரு தொங்கறாரு, மேஸ்திரி."

"தொங்கட்டும். நேத்தா கல்யாணம் ஆச்சு உங்களுக்கு?"

மூன்று வாரத்துக்கு முன் அந்தப் பக்கம் நின்றவரை எல்லோரும் சிலை என்றுதான் கூப்பிடுவார்கள். நிற்கச் சொன்ன இடத்தில் அப்படி நிற்பார். மாற்றாள் வராமல் பலகைக்காரன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. மத்தியானம் ஆள் அனுப்புகிறேன் என்ற மேஸ்திரி சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். எழுந்ததும் எச்சரிக்கைப் பலகைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டார். சிலை அங்கேயே நின்றார், லாரி வரும் வரை.

'இடத்தை விட்டு நகர்ந்ததால் விபத்து' என்று மேஸ்திரி அறிக்கை எழுதினார். நகரவே தெரியாமல் செத்த மனிதரைப் பற்றி.

அன்றிலிருந்து பலகைக்காரி மேஸ்திரி முகத்தைப் பார்ப்பது, செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோலத்தான்.

வளைவு கண்ணை மறைப்பதால் அவர்களிடம் ஒரு சிவப்புத் தடி உண்டு. இந்தப் பக்கம் விடும் கடைசி வண்டிக்காரரிடம் தடியைக் கொடுத்தால், அந்தப் பக்கம் நிற்பவர் அதை வாங்கிக்கொண்டு தன் பக்கத்து வண்டிகளை விடுவார். தடி திரும்பி வந்தால்தான் இங்கே வழி.

கை பழகிப் போயிருந்தது. வாங்க ஆளில்லை என்ற நினைவே இல்லாமல், கடைசியாகப் போன பால் வேன்காரரிடம் தடியைக் கொடுத்துவிட்டாள்.

"யார்கிட்ட குடுத்த? பேய்கிட்டயா?" மேஸ்திரி சிரித்தார்.

மேலே ரம்பம் உறுமியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைவையே பார்த்தாள். கிளை இறங்கி முடிகிற வரை ஒரு வண்டிகூட வரவில்லை.

கயிற்றை ஓரமாக இழுத்த மறு நிமிடம், பனிக்குள்ளிருந்து வரிசையாக மூன்று கார்கள் வந்தன.

கடைசிக் காரின் ஜன்னல் வழியே தடி நீண்டது.

"அந்தப் பக்கம் நிக்கறவரு குடுத்தாரும்மா."

தடி வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ இறுக்கிப் பிடித்திருந்ததுபோல.

இரண்டாம் முறையும் அப்படியே.

மூன்றாம் முறை தடியைக் கொடுத்தனுப்பியபோது மேஸ்திரி சிரிக்கவில்லை.

"எவனோ விளையாடறான். போய் ரெண்டு வச்சிட்டு வர்றேன்." வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டார்.

"பளபள ஜாக்கெட்டப் போட்டுட்டுப் போங்க."

"அதைப் போட்டா மிட்டாய் மாதிரி இருப்பேன். நீயே போட்டுக்க."

காப்பிநிறச் சட்டை பனியில் கரைந்தது. அவள் தோளில் மாட்டியிருந்த வாக்கி கரகரத்தது.

"ஒரு பயலும் இல்ல இங்க. ரோடெல்லாம் ஈரம். ஒரே ஒரு இடம்தான் காஞ்சிருக்கு… ரெண்டு பாதம் அளவுக்கு."

அப்புறம் இரைச்சல் மட்டும்.

இரைச்சலுக்குள் இன்னொரு குரல். அலுத்துப்போன, பொறுமையான குரல்.

"மேஸ்திரி, மாத்த வந்தீங்களா?"

அவள் வாக்கியின் பக்கம் காதைச் சாய்த்தாள்.

மாட்டிக்கொண்டால் வாயில் வந்ததைச் சொல்லித் தப்பிப்பது மேஸ்திரிக்கு மூச்சு விடுவது மாதிரி. அப்போதும் அதைத்தான் செய்தார்.

"ஆமாப்பா… ஆமா. மாத்தத்தான் வந்தேன். நீ கிளம்பு."

பலகைக் கம்பு தாரில் ஊன்றும் சத்தம்.

டொக்.

"காலு," என்றார் மேஸ்திரி. "காலு வரமாட்டேங்குதே."

வாக்கி அணைந்தது.

சற்று நேரத்தில் வளைவிலிருந்து காலடிகள் கேட்டன. வேலை முடித்துப் போகிற ஆளின் அவசரமில்லாத நடை. பனியில் உருவம் எதுவும் இல்லை. அவள் தோளருகே நடை ஒரு கணம் தயங்கியது.

"வர்றேம்மா."

அவள் திரும்பவில்லை.

ரம்பக்காரனும் அவளும் போய்ப் பார்த்தபோது வாக்கி சாலையில் கிடந்தது. பக்கத்தில் இரண்டு பாதத் தடங்கள், காய்ந்து. கூர்முனைச் செருப்பு. மேஸ்திரி இல்லை. சிவப்புத் தடியும் இல்லை.

மூன்று நாள் தேடினார்கள். அறிக்கைக்கு அவளிடம் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. 'இடத்தை விட்டு நகர்ந்துவிட்டார்' என்று எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் புது மேஸ்திரி வந்தார். ஜாக்கெட் போட்டிருந்தார், கோன்களை எண்ணி இறக்கினார். அந்தப் பக்கத்துக்கு ஆள் அனுப்ப அவர் திரும்பியபோதே வளைவிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் சிவப்புத் தடியை நீட்டினார். பனிக்கட்டிபோலச் சில்லிட்டிருந்தது.

"என்னம்மா ஆள் வச்சிருக்கீங்க? ஜாக்கெட்கூட இல்ல. அழறாரு. மாத்த ஆள் எப்ப வரும்னு கேக்கச் சொன்னாரு."

"சொல்றேன்," என்றாள் பலகைக்காரி.

புது மேஸ்திரி ஓடிவந்தார். "அந்தப் பக்கம் யாரும்மா? நான் இன்னும் ஆளே அனுப்பலையே."

அவள் தடியை அடுத்த வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, சிவப்பைத் திருப்பினாள். மேலே கணவன் ரம்பத்தை முடுக்கினான்.

"அனுப்ப வேண்டாம், சார். அங்க ஆள் இருக்கு. நகர மாட்டாரு."