வேறொருவன் தலைமுடி

கிளாஸ்கோவில் மூடுபனி இறங்கிய ஒரு மாலையில் செகிநே வந்து சேர்ந்தான். கப்பல் கட்டும் படிப்புக்காக ஜப்பானிலிருந்து வந்த புது மாணவன். அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த இசோகாய் அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறினான்.

"இந்த ஊர்ல சூரியன்னு ஒண்ணு உண்டா, அண்ணே?"

"உண்டுன்னுதான் சொல்றாங்க. நான் வந்தப்புறம் பாத்ததில்ல."

மாடியில் ஒரு பூட்டிய அறையைக் கடக்கும்போது இசோகாயின் சிரிப்பு நின்றது. அது அவனோடு படித்த முரோயின் அறை. போன குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது, "டாக்டரைக் கூப்பிடுடா" என்று அவன் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தான். அடுத்த அறையில் இசோகாய் அதைக் கேட்டபடி படுத்திருந்தான். ஊரில் கப்பல் பட்டறையில் காத்திருந்த பதவி ஒன்று. படித்துவிட்டுப் போகப்போகிறவர்கள் இரண்டு பேர்.

விடியுமுன் தட்டல் நின்றது.

வெளிநாட்டில் செத்தவனின் தலைமுடியில் கொஞ்சம் வெட்டி வீட்டுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். அதைப் புதைத்து மந்திரம் ஓதினால் ஆவி ஊர் திரும்பிவிடும். கத்தரிக்கோலோடு போன இசோகாயால் குனிய முடியவில்லை. முரோயின் கண்கள் திறந்தே இருந்தன. குடுமியை எடுத்து எல்லாரும் கிராப் வைத்துக்கொண்ட காலம். யார் முடி என்று எவருக்குத் தெரியும்? தன் பிடரியிலிருந்து வெட்டிக் காகிதத்தில் மடித்து அனுப்பிவிட்டான்.

சில மாதங்களாக அவன் நாக்கில் மண் ருசி.

அறைக்குள் செகிநே ஒரு சிறு சாடியை எடுத்து நீட்டினான். உப்பிட்ட பிளம் பழங்கள். "முரோய் அண்ணனோட அம்மா குடுத்தாங்க. கடைசிவரைக்கும் அவர் பக்கத்துல இருந்தீங்களாமே."

"காரியமெல்லாம் நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சு. ஆனா..." குரலைத் தாழ்த்தினான். "கல்லறைக்குள்ள யாரோ அழறாங்களாம். அம்மா தெனம் போய்க் கல்லுல தண்ணி ஊத்திட்டு உக்காந்துக்கறாங்க. 'எம்புள்ளைக்கு இருட்டுன்னா பயமே கிடையாதே, இப்ப ஏன் இப்படி அழறான்'னு கேக்கறாங்க."

இருட்டென்றால் பயம் இசோகாய்க்குத்தான்.

சுவரை யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. பொறுமையாக.

"பக்கத்துல யாருண்ணே?"

இசோகாய் வாயைத் திறந்தான். உள்ளே மண் நறநறத்தது.

கீழே சாப்பாட்டு மணி அடித்தது. செகிநே முன்னால் இறங்கிப் போனான். தட்டல் நின்றிருந்தது. இசோகாய் வெளியே வந்தபோது முரோயின் அறைப் பூட்டு தரையில் கிடந்தது.

கதவு விரியத் திறந்திருந்தது.

கீழே சாப்பாட்டு மேசையில், இசோகாயின் நாற்காலியில், யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். வியர்வையில் நனைந்த தலை. பிடரியில் முடி குறையவே இல்லை. செகிநே அவனிடம் அதே சிரிப்போடு சூரியனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தவா, முரோய்?" என்றாள் வீட்டுக்காரி மெக்லீன் அம்மாள்.

"ஊத்துங்கம்மா. ரொம்ப நாள் பசி."

"இசோகாய் எங்க, இன்னும் காணோம்?"

முரோய் கரண்டியை வைத்துவிட்டு, வாசலில் நின்றவனை நேராகப் பார்த்தான். இப்போதும் அவன் கண்கள் இமைக்கவில்லை.

"அவன் எனக்கு முன்னாலயே ஊருக்குப் போயிட்டாம்மா. என் வீட்லதான் இருக்கான்."

இசோகாய் கத்தினான். யாரும் திரும்பவில்லை. விளக்கும் மேசையும் சிறுத்துக்கொண்டே போயின. எங்கிருந்தோ ஊதுவத்தி வாசம் வந்தது. பிறகு இருட்டு. கையை நீட்டிய பக்கமெல்லாம் கல்.

தலைக்கு மேலே யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அது கல்லில் வழிந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"அழாதடா கண்ணா," என்றது ஒரு வயதான குரல், மிக அருகில். "உன்ன விட்டுட்டு அம்மா எங்க போகப்போறேன்?"